விளாவிய தண்ணீர்

ஏப்ரல் 15, திங்கள்

காலை 5.40க்குச் செண்பகவல்லி தும்மத் தொடங்கினாள். 5.58க்கு நிறுத்தினாள். மொத்தம் நாற்பத்தொரு தும்மல். வீட்டு முன்னறையில் மாவு மில் வைத்து இருபத்திரண்டு வருடமாக மிளகாய்ப் பொடியும் மல்லிப் பொடியும் சுவாசிக்கிறவளுக்கு வேறென்ன வரும்? பணிமனையில் பேருந்துகள் புறப்படும் நேரத்தை எழுதுகிற உத்தியோகம் எனக்கு. "ஊர்ல ஓடுத வண்டி பத்தாதுன்னு என் தும்மலையும் எழுதுதீயளாக்கும்" என்பாள். ஆமாம், எழுதுகிறேன்.

பூங்கா யோகா வகுப்பில் ஞானதுரை மாஸ்டர் ஜலநேத்தி சொல்லிக்கொடுத்தார். மூக்குச் செம்பில் உப்புத் தண்ணீர் எடுத்து ஒரு மூக்கில் ஊற்றினால் மறு மூக்கு வழியே வெளியே வரும். உள்ளே இருக்கும் தூசியும் சளியும் அதோடு போய்விடும். வரும் வழியில் ஒரு செம்பு வாங்கி வந்தேன். கொதிக்க வைத்து, மூடி ஆற வைத்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

செம்பைப் பார்த்ததும் செண்பகவல்லி கொல்லைக்கு ஓடினாள். "என்ன ஆனைன்னு நெனச்சீயளா, மூக்கால தண்ணி குடிக்க?" நாளைக்குப் பார்க்கலாம்.

ஏப்ரல் 20, சனி

ஐந்து நாளில் நாற்பத்தொன்று பதினான்காகக் குறைந்திருக்கிறது. இப்போது அவளே செம்பை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள்.

கொதித்த தண்ணீர் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற நாற்பது நிமிடம் பிடிக்கிறது. கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். ஆறே முக்காலுக்கு நான் பணிமனையில் இருக்க வேண்டும், ஏழு மணிக்கு அவள் மில்லைத் திறக்க வேண்டும். நாற்பது நிமிடம் ஒரு பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு யார் உட்காருவது? அரைச் செம்பு நன்றாகக் கொதிக்க வைத்து, மீதிக்கு மாடித் தொட்டிக் குழாய்த் தண்ணீரை விட்டு, குளிக்க விளாவுகிற மாதிரி விளாவி, விரலை விட்டுப் பார்த்து, உப்புப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். இரண்டு நிமிடத்தில் பதமான சூடு. மாஸ்டரிடம் சொல்லவில்லை. அவருக்கென்ன, ஓய்வு பெற்றவர், நாள் முழுக்க ஆற வைப்பார்.

ஏப்ரல் 23, செவ்வாய்

சித்ரா பௌர்ணமி. எதிர்வீட்டுக் கோமு, செண்பகவல்லியையும் தெருவில் இன்னும் மூன்று பெண்களையும் கூட்டிக்கொண்டு 5.15 வண்டியில் தாமிரபரணிக்குப் போனாள். பன்னிரண்டரைக்குத் திரும்பினார்கள். செண்பகவல்லி தலையில் காலையில் வைத்த பிச்சிப்பூ அப்படியே இருந்தது.

"தலை முங்கலயா?"

"கழுத்து வரைக்கும்தான். தலையில ஊத்துனா தும்மலு திரும்பப் புடிச்சிக்கிடும்லா?"

தலை நனைக்காமல் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் போய் என்ன குளியல் என்று மாலை வரைக்கும் கேலி செய்தேன். கோமுவும் சேர்ந்து சிரித்தாள்.

ஏப்ரல் 28, ஞாயிறு

வெயில் தாங்கவில்லை. வருடத்துக்கு வேண்டிய மசாலாவை எல்லோரும் இப்போதுதான் காயவைத்து அரைப்பார்கள். மில் வாசலில் தூக்குவாளியும் டின்னுமாக வரிசை நிற்கிறது.

நகராட்சித் தண்ணீர் வந்து எட்டு நாளாகிறது. மாடித் தொட்டியில் கால்பங்குதான் இருக்கிறது. அதுவும் சுடுகிறது. அடியில் வண்டல் படிந்திருக்கிறது, கழுவ வேண்டும். இருப்பதையும் கொட்டிவிட்டால் பாத்திரம் எதில் கழுவுவது? அடுத்த முறை தண்ணீர் வரட்டும்.

மே 1, புதன்

தும்மல் பூஜ்யம். மாஸ்டருக்கு ஒரு டப்பா முறுக்கு சுட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

மே 2, வியாழன்

செண்பகவல்லிக்குத் தலைவலி. வெயில்தான். காப்பி ஊளை நாற்றம் அடிக்கிறது என்று கீழே வைத்துவிட்டாள். நான் குடித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.

மே 3, வெள்ளி

காய்ச்சல் 102. இரண்டு முறை வாந்தி. இருபத்திரண்டு வருடத்தில் மில் பூட்டியிருப்பது இது நான்காவது முறை. பஜார் டாக்டர் வெயில் தாக்கம் என்று சொல்லி குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்.

"மொளகா வாடையே தெரியலங்க" என்றாள். பக்கத்தில் இரண்டு மூட்டை வற்றல் இருந்தது.

மே 4, சனி

கழுத்தைக் குனிய முடியவில்லை. என்னைப் பார்த்து "வண்டி போயிட்டா?" என்று கேட்டாள். எந்த வண்டி என்றால் மறுபடியும் அதையே கேட்டாள். ஆம்புலன்ஸில் நெல்லைக்குக் கொண்டுவந்தோம். 10.20க்குப் புறப்பட்டு 11.25க்குச் சேர்ந்தோம். கோமு கூடவே வந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் பூரணிக்குத் தகவல் சொல்லிவிட்டேன்.

மே 5, ஞாயிறு

முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்திருக்கிறார்கள்.

டாக்டர் நிலோஃபர் என்ற சின்ன வயதுப் பெண்தான் பார்க்கிறார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். மூக்கில் தண்ணீர் ஏறுகிற மாதிரி ஏதாவது செய்தார்களா என்றார். செண்பகவல்லி கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"தெனமும் மூக்கு கழுவுவேன். அவரு கொதிக்க வச்சுத்தான் தருவாரு. அவரக் கேளுங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "கொதிக்க வச்ச தண்ணிதானே சார்?"

"ஆமா. அஞ்சு நிமிசம் கொதிக்க வைப்பேன்."

"குளம், ஆறு எங்கயாவது குளிச்சாங்களா?"

"சித்ரா பௌர்ணமிக்குத் தாமிரபரணி போனாங்க."

"தலை முங்கினாங்களா?"

"ஆத்துல குளிச்சா முங்கத்தானே செய்வாங்க?" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். நான் சொன்னதில் எது பொய்? ஐந்து நிமிடம் கொதிக்க வைத்தது உண்மை. ஆற்றுக்குப் போனதும் உண்மை.

மே 6, திங்கள்

அது அமீபாவாம். பூரணி பள்ளிக்கூடத்தில் படம் வரைந்த அதே அமீபா என்று நினைத்தேன். இது வேறு வகை என்றார் டாக்டர். முதுகு நீரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது நகர்ந்துகொண்டிருந்ததாம். சூடான, தேங்கிய தண்ணீரில் இருக்கும். குடித்தால் ஒன்றும் செய்யாது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. மூக்கு வழியாகப் போனால் மட்டும் நேரே மூளைக்கு ஏறிவிடும். ஏறிய நாளிலிருந்து பன்னிரண்டு நாளுக்குள் பெரும்பாலும் காட்டிவிடும்.

"பொழைச்சவங்க ரொம்பக் கம்மி சார். நாங்க எல்லா மருந்தும் குடுக்கறோம். ஒரு மருந்து வெளியூர்லருந்து வரணும்."

பூரணி காலை வண்டியில் வந்துவிட்டாள். டாக்டர் சொல்வதைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். பிறகு என்னிடம், "ஆத்துக்கு எதுக்குப்பா விட்டீங்க?" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மே 7, செவ்வாய்

செயற்கை மூச்சு வைத்துவிட்டார்கள். கோமு வராந்தாவில் என்னைத் தனியாகப் பிடித்தாள். "அண்ணாச்சி, டாக்டரு ஆத்துலதான்னு சொல்லுதாவளாமே. அவ அன்னைக்கு..." என்று தொடங்கினாள். இதெல்லாம் பேசுகிற நேரமா என்று சத்தம் போட்டு அனுப்பிவிட்டேன். அவள் கொண்டுவந்த இட்லிப் பொட்டலம் பெஞ்சிலேயே இருந்தது.

மே 8, புதன்

11.20க்கு வெளியூர் மருந்து வந்தது. மூன்று மணிக்குக் கண்ணில் விளக்கடித்துப் பார்த்த டாக்டர் கட்டில் அட்டையில் நேரத்தை எழுதிவிட்டுப் போனார்.

மே 9, வியாழன்

செண்பகவல்லி போய்விட்டாள். காலை 9.10.

ஆஸ்பத்திரியில் 9.05 என்று எழுதியிருக்கிறார்கள். 9.10தான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மே 10, வெள்ளி

எடுத்துவிட்டோம்.

குளிப்பாட்டுவதற்குப் பெண்கள் தண்ணீர் எடுத்து வந்தபோது கோமுவும் ஒரு குடத்தோடு வந்தாள். பூரணி எழுந்து வழியை மறித்தாள். "ஆத்துக்குக் கூட்டிட்டுப் போய்க் கொன்னது பத்தாதா? இப்பவும் தண்ணியத் தூக்கிட்டு வாரீங்களா?" கோமு என்னைப் பார்த்தாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. குடத்தை அங்கேயே வைத்துவிட்டுத் தெருவைக் கடந்து அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முப்பது வருடமாக அந்த இரண்டு பேரும் குழம்புக் கிண்ணத்தை மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டு அந்தத் தெருவைக் கடந்திருக்கிறார்கள்.

மே 12, ஞாயிறு

நேற்று தண்ணீர் வந்தது. மாடித் தொட்டியில் ஏறி வண்டலெல்லாம் வழித்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். ரொம்ப நாளாகக் கழுவ வேண்டும் என்று இருந்தது.

மே 14, செவ்வாய்

சுகாதாரத் துறையிலிருந்து ஓர் அதிகாரியும் ஒரு நர்ஸம்மாவும் வந்தார்கள். தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டார்கள். கழுவியது எப்போது என்று அதிகாரி கேட்டார். நினைவில்லை என்றேன். தேதியை மறக்கிறவனா நான்?

நர்ஸம்மா மூக்குச் செம்பைக் கையில் வாங்கி, எப்படிச் செய்வோம் என்று காட்டச் சொன்னார். அடுப்பில் வைத்தேன், கொதித்தது, இறக்கினேன். "ஆற வைப்போம்" என்றேன். பூரணி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆற்றுத் தண்ணீரையும் எடுத்திருக்கிறார்களாம். படித்துறையில் பலகை வைத்துவிட்டார்களாம்.

மே 17, வெள்ளி

கூட ஆற்றுக்குப் போன பேச்சித்தாய்க்கு நேற்றுத் தலைவலி. புருஷனும் மாமியாரும் அழுதுகொண்டே ஆட்டோவில் நெல்லைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஒன்றுமில்லை, கண்ணாடி போட வேண்டும் என்று அனுப்பிவிட்டார்களாம். பன்னிரண்டு நாள் எப்போதோ தாண்டிவிட்டது என்று நான் சொல்லியிருக்கலாம். ஆற்றுக்குப் போன பெண்கள் எல்லோரும் பத்து நாளாகத் தூங்கவில்லை என்று பால்காரர் சொன்னார். கோமுவோடு தெருவில் யாரும் பேசுவதில்லையாம்.

டின்னோடு வருகிறவர்கள் பூட்டிய மில்லைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போகிறார்கள்.

மே 19, ஞாயிறு

பூரணிக்கு விடுப்பு முடிவதால் பதினாறாம் நாள் விசேஷத்தை இன்றைக்கே முடித்தோம். கோமு வரவில்லை. அழைக்கவும் இல்லை. சாயங்காலம் 4.30 வண்டியில் பூரணியை ஏற்றிவிட்டேன். "ஒழுங்கா சாப்பிடுங்கப்பா. எனக்கு இனிமே நீங்க மட்டுந்தான்" என்று சன்னல் வழியாகச் சொன்னாள். வீட்டுக்கு வந்து வெகுநேரம் மில்லுக்குள் உட்கார்ந்து அழுதேன்.

மே 22, புதன்

வேலைக்குத் திரும்பினேன். இரண்டு வண்டிக்கு நேரம் மாற்றி எழுதிவிட்டேன். மேலாளர் அடித்துத் திருத்தினார்.

நூற்றில் தொண்ணூற்றேழு பேர் பிழைப்பதில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் முன்பே உண்மையைச் சொல்லியிருந்தாலும் அதே மருந்துதான். இதைத் தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

மே 25, சனி

கோமுவின் மகன் திருப்பூரிலிருந்து வந்து சாமான் கட்டிக்கொண்டிருந்தான். அம்மாவை அங்கேயே கூட்டிக்கொண்டு போகிறானாம். இந்தத் தெருவில் இனி இருக்க முடியாது என்று சொல்லிவிட்டாளாம். 4.10க்கு அவன் மினி லாரி பேசப் போனான். நான் எதிர்வீட்டுக்குப் போனேன்.

கோமு பாத்திரங்களைப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணாச்சி" என்றாள். அந்த ஒரு சொல்லிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. நின்றபடியே சொன்னேன். அரைச் செம்பு கொதித்த தண்ணீர், அரைச் செம்பு தொட்டித் தண்ணீர். ஆற வைக்கவே இல்லை, ஒருநாள்கூட. ஆற்றில் அவள் தலை நனைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் டாக்டரிடம் சொன்னேன்.

கோமு கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியும்ணாச்சி."

எனக்குப் புரியவில்லை.

"எங்க வீட்டுக்காரரு ரெண்டே நிமிசத்துல பதமா விளாவித் தந்துருவாருன்னு ஆத்தங்கரையில வச்சு அவ பெருமையாச் சொன்னா. அப்பம் எனக்கு என்ன தெரியும்? அந்த நர்ஸம்மா எங்களையும் வந்து விசாரிச்சாவ. பச்சத் தண்ணி மூக்குல ஏறக்கூடாதுன்னு அவிய சொல்லவுந்தான் எனக்கு வெளங்குச்சு."

"அப்பமே சொல்லியிருக்கலாம்லா? பூரணி உன்ன அத்தன பேரு முன்னால..."

"சொல்லி? அவளுக்கு ஆத்தா போயிட்டா. மிச்சம் இருக்கது நீங்க ஒருத்தருதான். அதையும் நான் புடுங்கணுமா? எனக்கென்ன, நான் எங்கயும் போய்ப் பொழைச்சுக்கிடுவேன்."

பூரணியிடம் சொல்லப் போகிறேன் என்றேன். "வேண்டாம்ணாச்சி, சொல்லாதீய" என்று இரண்டு கையையும் கூப்பினாள். அவள் கும்பிட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நாளைக் காலையில் சொல்லிவிடுவேன்.

மே 26, ஞாயிறு

6.10க்குப் பூரணியைக் கூப்பிட்டேன். எழுதி வைத்துக்கொண்டதை அப்படியே படித்தேன். இல்லாவிட்டால் வழக்கம்போல் பாதியை விட்டுவிடுவேன். தொட்டியைக் கழுவியதையும் சொன்னேன்.

இணைப்புப் போய்விட்டதோ என்று பார்த்தேன். இருந்தது.

"அப்பா" என்றாள். குரல் மாறியிருந்தது. "அழுதழுது எனக்கு மூக்கெல்லாம் அடைச்சுக் கெடந்துச்சு. அம்மா ஒருநாள் போன்ல மூக்கு கழுவச் சொல்லித் தந்தா. அப்பா மாதிரி வெந்நிய விளாவிக்கோட்டி, ரெண்டே நிமிசந்தான்னா. ஆத்துலதானே வந்துச்சு, இதுல என்னன்னு... நாலு நாளாப் பண்ணுதேன்ப்பா. இப்பக்கூடப் பண்ணிட்டுத்தான் வந்தேன்."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. இனிமேல் செய்யாதே என்று கத்தினேன் என்று நினைக்கிறேன். அவள் வைத்துவிட்டாள்.

பூங்காவுக்கு ஓடினேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஞானதுரை மாஸ்டர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். "ஆற வச்சுத்தானய்யா சொன்னேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். விளாவுகிறவர்கள் வேறு யார் என்று கேட்டேன். ஒவ்வொன்றாக ஐந்து கைகள் உயர்ந்தன. இரண்டு வாரத்துக்கு முன்பே இந்தக் கைகளை உயர்த்த வைத்திருக்கலாம். சுகாதார அதிகாரிக்கும் போனில் சொல்லிவிட்டு 8.00 வண்டியில் கோயம்புத்தூருக்கு ஏறினேன்.

மே 28, செவ்வாய், கோயம்புத்தூர்

பூரணி இருப்பது பெண்கள் விடுதி. அதற்கு எதிரே ஒரு லாட்ஜில் அறை எடுத்திருக்கிறேன். நேற்று இங்கே ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். காய்ச்சல், தலைவலி வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம், இப்போதைக்குப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வழியில்லை என்றார். பன்னிரண்டு நாள். ஜூன் 7 வரை.

பூரணி என்னோடு பேசுவதில்லை. காலை ஏழு மணிக்கு விடுதி வாசலுக்கு வருவாள். "தலை வலிக்கல. காய்ச்சல் இல்ல" என்பாள். வேலைக்குப் போய்விடுவாள்.

மே 30, வியாழன்

தலை வலிக்கல. காய்ச்சல் இல்ல.

ஜூன் 1, சனி

தலை லேசாக வலிக்கிறது என்றாள். ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் ஓடினேன். வழியெல்லாம் நான் கடிகாரம் பார்ப்பதை அவள் கவனித்துக்கொண்டே வந்தாள். இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார வைத்துப் பார்த்தார்கள். தூக்கம் இல்லாததால் வந்த வலி, கழுத்து நன்றாகக் குனிகிறது என்றார் டாக்டர். திரும்பும்போது, "அம்மாவுக்கு ரொம்ப வலிச்சிருக்குமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இனிமேல் அவளிடம் பாதி மட்டும் சொல்வதில்லை.

ஜூன் 2, ஞாயிறு

தலை வலிக்கல.

ஜூன் 4, செவ்வாய்

தலை வலிக்கல. கோமு அத்தை நம்பர் வேண்டும் என்று கேட்டாள். கொடுத்தேன். கோமு திருப்பூருக்குப் போய்விட்டாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கும் தைரியமும் இல்லை.

ஜூன் 7, வெள்ளி

பன்னிரண்டாம் நாள்.

ஏழு மணிக்கு வந்தாள். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். பிறகு நடைபாதை ஓரத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்தாள். நானும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. தொடவில்லை.

"நீங்க ஊருக்குப் போங்கப்பா" என்றாள். "அடுத்த சனிக்கெழம நான் வாரேன்."

எனக்கு மூச்சு வந்தது. எந்த வண்டிக்கு வருகிறாள் என்று கேட்டேன். வாசலில் வந்து நிற்கிறேன், சமைத்து வைக்கிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் நான் பேசி முடிக்கும் வரை இருந்தாள்.

"கோமு அத்தை எங்கயும் போகலயாம். நான்தான் போகாதீங்கன்னு அழுதேன்." எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். "வந்தா அத்தை வீட்லதான்ப்பா இருப்பேன். நம்ம வீட்டுக்கு வர முடியல என்னால."

சரிம்மா என்றேன்.